பில் போடாத வேலை

எங்கள் கடையில் வேலை இரண்டு வகை. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, பி.ஜி. விடுதிக்காரர்களின் நோட்டீஸ், கார்மென்ட்ஸ் கம்பெனிகளின் ‘டெய்லர் தேவை’ பலகை எல்லாம் பில் போடுகிற வேலை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, தெருக்காரர்களின் கூழ் ஊற்றும் நோட்டீஸ், பதினாறாம் நாள் காரியக் கார்டு, கண் முகாம், ரத்தம் தேவை என்கிற அறிவிப்பு எல்லாம் பில் போடாத வேலை. காகிதக் காசு மட்டும் வாங்குவேன். சிலரிடம் அதுவும் கிடையாது.

பில் போட்ட வேலையில் எனக்குச் சண்டை வந்தது குறைவு. வாடிக்கையாளர் ஒருத்தர்தான். அவர் கேட்டது வந்துவிட்டால் முடிந்தது. பில் போடாத வேலைக்கு முதலாளி யாரென்றே தெரியாது. செய்யச் சொன்னவர் ஒருத்தர், திருத்தம் சொல்பவர் இன்னொருத்தர், கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் போகிறவர் மூன்றாவது ஆள். அதனால் கெடுபிடியெல்லாம் இந்த வேலைக்குத்தான் வைத்திருக்கிறேன். “சும்மா செஞ்சு குடுக்கறதுக்கு இவ்வளவு பிகுவா?” என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

தர்மபுரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி 1997-ல் பொம்மனஹள்ளிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு கார்மென்ட்ஸில் கட்டிங் செக்‌ஷன் வேலை. அப்போது இந்த ஊர் பெங்களூரு மாநகராட்சிக்குள் இல்லை, 2007-ல்தான் சேர்த்தார்கள். ஊரில் நான் பாஸ் பண்ணிவிட்டு வந்த தமிழ் டைப்ரைட்டிங் இங்கே சோறு போட்டது. ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு டிடிபி சென்டரில் கன்னடத்துக்கு ஆள் இருந்தது, இங்கிலீஷுக்கும் இருந்தது, தமிழுக்கு இல்லை. பேஜ்மேக்கரில் மேட்டர் அடித்து, பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு சிட்டி மார்க்கெட் பஸ்ஸில் ஏறினால், இறங்கி நடக்கிற தூரத்தில் காட்டன்பேட்டை பிரஸ்கள். பத்திரிகைக்கு அட்டை வேண்டுமென்றால் பக்கத்திலேயே சுல்தான்பேட்டை. சிவகாசியிலிருந்து வந்த ரெடிமேட் அட்டைகள் ஆல்பம் ஆல்பமாக இருக்கும். வெளியே பிள்ளையார் எம்போஸ் ஆகியிருப்பார், உள்ளே வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை நிரப்புவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நிரப்புவது சுலபம். யார் பெயர் யாருக்கு மேலே என்பதுதான் தொழில்.

கல்யாணப் பத்திரிகையை வாங்கியதும் யாரும் மணமக்கள் பெயரைப் படிப்பதில்லை. அது தெரிந்த விஷயம். கண் நேராகக் கீழே, தன் பெயர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போகும். பெரியப்பா, சித்தப்பா வரிசை வயதுப்படி போய்விடும். தாய்மாமன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும், எழுத்து ஒரு பாயின்ட்கூடக் குறையக் கூடாது. காலமானவர்களின் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ போடுவதா, ‘காலஞ்சென்ற’ போடுவதா என்பதில் இரண்டு வீட்டுக்கும் இரண்டு வழக்கம். பிரிந்து வாழ்கிற தம்பதியின் பெயரைச் சேர்த்துப் போடுவதா என்று என்னிடம் கேட்பார்கள். நான் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள், என்னத்தைச் சொல்ல? “வீட்டில் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் அந்த வரியைக் காலியா வெச்சிருக்கேன்” என்பேன். காலியாகவே அச்சுக்குப் போன பத்திரிகை உண்டு. அங்கே கொஞ்சம் பெரிய பூவாகப் போட்டுவிடுவேன்.

உறவுக்காரர் வீட்டில் ஒரு தடவை பெயர்ப் பட்டியலை போனிலேயே சொன்னார்கள். அவசரம், முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பட்டியலில் ஒரு மாமா விட்டுப்போயிருந்தார். அவர்கள் விட்டதுதான், என்றாலும் சபையில் “அது பிரஸ்ஸில் நடந்த தப்பு” என்று சொல்லிவிட்டார்கள். பிரஸ் என்றால் நான். அந்த மாமா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அதிலிருந்து பட்டியல் போனில் வாங்குவதில்லை. கையால் எழுதித் தர வேண்டும். ப்ரூஃபில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அண்ணனோ தம்பியோ போட்டால் செல்லாது. காசு கொடுக்கிறவரிடம்கூட நான் இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை.

கையெழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோரல்டிராவில் பத்திரிகை முடிந்ததும் பிரஸ்காரர் முதலில் கேட்பது, “கர்வ் பண்ணி அனுப்பிட்டீங்களா?” அப்போதெல்லாம் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு தமிழ் ஃபாண்ட். ஒருவரிடம் ஸ்ரீலிபி, ஒருவரிடம் பாமினி. என் ஃபைலை அவர் திறந்தால் தமிழ் போய் இங்கிலீஷ் எழுத்தும் ஆச்சரியக்குறியும் குப்பையாக வந்து நிற்கும். அதற்குத்தான் எழுத்தை எழுத்தாக விடாமல் கோட்டுருவமாக மாற்றி அனுப்புவது. மாற்றிய பிறகு ஒரு புள்ளியைத் திருத்தவும் முடியாது. ராத்திரி பத்து மணிக்கு “அக்கா, எங்க சித்தி பேரு ‘மணி’ இல்ல, ‘மாணிக்கம்’” என்று போன் வந்தால் பழைய ஃபைலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அடித்து அனுப்புகிறார்கள். டைப் அடிக்கும் வேலை போச்சு என்று பார்த்தால், அதைப் பழைய ஃபாண்டுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’ உடைகிறது. உடைந்த ஸ்ரீயோடு ஒரு பத்திரிகை வீட்டுக்குப் போனால் அபசகுனம் என்பார்கள்.

பெங்களூரில் பாதிப் பத்திரிகை இரண்டு மொழி. மாப்பிள்ளை இங்கே, பெண் ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி. ஒரு பக்கம் கன்னடம், மறு பக்கம் தமிழ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கன்னடக்காரர்களுக்கு வருஷம் உகாதியில் பிறக்கிறது, நமக்குச் சித்திரை ஒன்றில். 2024-ல் உகாதி ஏப்ரல் 9, சித்திரை ஒன்று ஏப்ரல் 14. நடுவில் வந்த ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கன்னடப் பக்கத்தில் குரோதி வருஷம் என்றும் தமிழ்ப் பக்கத்தில் சோபகிருது என்றும் போட்டேன். ஒரே அட்டை, ஒரே நாள். “தப்பா இருக்கு” என்று இரண்டு வீட்டிலிருந்தும் போன். இரண்டு பஞ்சாங்கத்தையும் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன், எடுத்துக் காட்டினேன். ஆடி வந்தால் பத்திரிகை வேலை படுத்துவிடும். அதிலும் கன்னடக்காரர்களின் ஆஷாடம் நமக்கு முன்னாலேயே தொடங்கிவிடுவதால் எங்களுக்குச் சும்மா இருக்கும் நாள் அதிகம். அந்த நாட்களில்தான் அம்மன் கோயில் நோட்டீஸ் வரும், அதற்கும் பில் கிடையாது.

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு மனிதர்களின் முகம் பெரிதாகிவிட்டது. அதற்கு முன்னால் துணி பேனர், பெயின்டர் எழுதுவார், எழுத்து மட்டும். ஃப்ளெக்ஸில் சதுர அடிக் கணக்கில் முகம் போட முடியும் என்றதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. இதில் நான் ஒத்துக்கொள்ளாத ஒன்று, மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பெண்ணின் போட்டோ போட்டு மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டுவது. எட்டாவது படிக்கும் குழந்தை. அடுத்த திங்கட்கிழமை அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஒரு தாய்மாமன் விடாப்பிடியாக நின்றார். “உங்க போட்டோ நல்லா இருக்கு, மாமா. சீர் கொண்டு வர்றவர் நீங்கதானே? உங்களைப் பெரிசா போட்டு, மேல அம்மனைப் போடறேன்” என்றேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெண்ணின் அம்மா பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

2016 மார்ச்சில் கர்நாடக அரசு பிளாஸ்டிக் தடையில் ஃப்ளெக்ஸையும் சேர்த்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மாநகராட்சியைப் பிடி பிடியென்று பிடித்ததும் ஒரே நாளில் ஊரே துடைத்துவிட்டது மாதிரி ஆனது. மிஷின் வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டிருந்த நண்பர்கள் தவித்தார்கள். வருத்தம்தான். ஆனால் அடுத்த வருஷம் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன பெண் செத்துப்போன செய்தியைப் பார்த்தபோது, கம்பத்துக்கு மேலே கட்டும் எதற்கும் டிசைன் செய்வதில்லை என்று முடிவு பண்ணினேன். கழற்றிய ஃப்ளெக்ஸ் வீணாவதில்லை. கட்டட வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகைக்கு மேலே போட்டால் மழை ஒழுகாது. நான் செய்த வாழ்த்து பேனர்கள் சில அங்கே இன்னும் கிடக்கின்றன.

தர்மக் காரியத்துக்கு வருகிறேன். இதில் டிசைனுக்கு முதல் எதிரி நன்கொடையாளரின் முகம். இலவச நோட்டுப் புத்தகம், ரத்ததான முகாம், கண் முகாம் எதுவானாலும் முக்கால் பங்கு இடம் கைகூப்பிய படங்களுக்குப் போய்விடும். எங்கே, எப்போது, எதைக் கொண்டுவர வேண்டும் என்பது அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி. கண் முகாம் நோட்டீஸ் செய்யும்போது இது எனக்குத் தாங்கவே இல்லை. அந்த நோட்டீஸை யார் படிக்கப் போகிறார்கள்? கண்ணில் புரை விழுந்தவர்கள். மஞ்சள் காகிதத்தில் கறுப்பு எழுத்து, தேதியும் இடமும் உள்ளங்கை அளவு, ‘கூட ஒருவரை அழைத்து வரவும்’, ‘சாப்பிடும் மாத்திரைகளை எடுத்து வரவும்’ என்று இரண்டு வரி. அவ்வளவுதான் முன்பக்கம். முகங்களை எல்லாம் பின்பக்கம் அனுப்பினேன். முகாம் நடத்திய சங்கத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். “காசு வாங்காம செய்றேன், அதனால முன்பக்கம் என்னோடது” என்றேன். பில் போடாததில் இருக்கும் ஒரே அதிகாரம் அதுதான்.

கண்ணீர் அஞ்சலி வேலை வேறு மாதிரி. சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வேண்டும். ஆண்களுக்குப் படம் கிடைத்துவிடும். லைசென்ஸ், கம்பெனி அடையாள அட்டை, ஏதாவது ஒன்று. வயதான பெண்களுக்குத்தான் கஷ்டம். என் அம்மா காலத்துப் பெண்கள் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டதே இல்லை. ஏதோ ஒரு கல்யாணக் குழுப் படத்தில் மூன்றாவது வரிசையில், பாதி முகத்தை யாரோ ஒருத்தருடைய கொண்டை மறைத்திருக்கும். இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை. அந்தப் படங்களில் யாருமே உயிரோடு இருப்பது போலத் தெரியாது. குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, மறைந்த கன்னத்தை மறுபக்கத்துக் கன்னத்திலிருந்து எடுத்து ஒட்டி, பின்னால் நீலம் போட்டால் ஒரு அம்மா கிடைப்பார். பிள்ளைகள் கேட்பார்கள், “கழுத்துல ஒரு செயின் போடுங்கக்கா”, “பட்டுப் புடவை போடுங்கக்கா”. போட்டுக் கொடுப்பேன். உயிரோடு இருந்தபோது போட முடியாததைப் போடுகிறார்கள், அதில் எனக்கென்ன வந்தது? அப்பாக்களுக்குக் கோட் கேட்டால் மட்டும் ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்வேன். தள்ளுவண்டியில் காய் விற்றவரைக் கோட்டோடு பார்த்தால் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது. அஞ்சலிப் படமே தெருவுக்காகத்தான்.

இப்போது போனிலேயே பழைய படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் வந்திருக்கின்றன. மங்கலான படத்தைக் கொடுத்தால் பளிச்சென்று ஒரு முகத்தைத் திருப்பித் தருகிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஒரு பையன் அப்படிச் செய்து கொண்டுவந்த படத்தை அவன் அக்கா பார்த்துவிட்டு, “யார்ரா இது?” என்றாள். பல் வரிசை வேறு, கண் வேறு. மங்கலான பழைய படத்தையே கொஞ்சம் சின்னதாகப் போட்டோம். சின்னதாகப் போட்டால் மங்கல் தெரியாது, அது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

எங்கள் ஊரிலிருந்து பேகூர் ரோட்டில் நேராகப் போனால் நாகேஸ்வரர் கோயில் இருக்கிறது. சுமார் 890-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று அங்கேதான் கிடைத்தது. ‘பெங்களூரு’ என்ற ஊர்ப் பெயர் அதில் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்களெல்லாம் கொண்டாடுகிறார்கள். அது ஒரு வீரக்கல். பெங்களூரில் நடந்த சண்டையில் ஒருவன் செத்துப்போனான் என்று சொல்வது. ஊர்ப் பெயரே நமக்கு ஒரு சாவு அறிவிப்பிலிருந்துதான் கிடைத்திருக்கிறது. என் தொழில்காரன் ஒருவன் அப்போதும் இருந்திருக்கிறான். அவனிடம் யாராவது கையெழுத்து வைத்த ப்ரூஃப் கொடுத்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

கல்லில் வெட்டினால் ஆயிரம் வருஷம் நிற்பதில் தப்பில்லை. வாட்ஸ்அப்பில் போட்டது நிற்பதுதான் ஆபத்து. ரத்தம் தேவை, குழந்தையைக் காணவில்லை, ஆபரேஷனுக்கு உதவி என்று நாம் ஒரு படம் செய்து விட்டால் அது ஊர் ஊராகச் சுற்றும். குழந்தை அன்று சாயங்காலமே கிடைத்திருக்கும், போஸ்டர் ஆறு மாதம் கழித்து மதுரையில் இருந்து திரும்பி வரும். நோயாளி இறந்துபோன பிறகும் அந்த வீட்டு நம்பருக்கு “இன்னும் ரத்தம் வேணுமா?” என்று போன் வந்துகொண்டிருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அழுத ஒரு அப்பாவைப் பார்த்திருக்கிறேன். 2021 ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை கைமீறியது. ஆக்சிஜன், படுக்கை, பிளாஸ்மா என்று ராத்திரி முழுக்கக் கோரிக்கை. மே 17-ம் தேதி பிளாஸ்மா சிகிச்சையையே கோவிட் வழிகாட்டுதலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் பிளாஸ்மா கேட்கும் படங்கள் சுற்றுவது நிற்கவில்லை.

அப்போதிருந்து என் கடையில் எந்த உதவிக் கோரிக்கையிலும் தேதிதான் தலைப்பு. ‘ரத்தம் தேவை’ என்பதற்குச் சமமான அளவில் ‘மே 3 மாலை வரை மட்டும்’ என்று இருக்கும். கூடவே அதே டிசைனில் குறுக்கே பச்சைப் பட்டை போட்ட இன்னொரு படம், ‘தேவை முடிந்தது, நன்றி’ என்று. இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். ஆபரேஷன் உதவி என்றால் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுக் கடிதத்தைப் பார்க்காமல் ஆரம்பிப்பதில்லை. முடிந்தவரை ஆஸ்பத்திரிக் கணக்குக்கே பணம் போக வேண்டும். மூக்கில் குழாய் சொருகிய படத்தைப் போட மாட்டேன். “அது போட்டாத்தான் காசு வரும்” என்கிறார்கள். வரலாம். அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து போனை எடுத்துப் பார்க்கும்போதும் அந்தப் படம் இருக்கும். கியூஆர் குறியைச் சுற்றி வெள்ளை இடம் விடாமல் பூ வேலை செய்கிறார்கள், அழகுக்காக இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், பிறகு ஸ்கேன் ஆகவில்லை என்கிறார்கள். மூன்று போனில் ஸ்கேன் பண்ணி, யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் அச்சுக்கு இருக்கும் சக்தியை நான் ரொம்பப் பெரிதாக நினைப்பதில்லை. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பி.எஃப். பணத்தை எடுக்கக் கட்டுப்பாடு வருகிறது என்று தெரிந்து இதே ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். மத்திய அரசு அந்த விதியையே திரும்பப் பெற்றது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். ஒரு நோட்டீஸ்கூட என்னிடம் அச்சுக்கு வரவில்லை. தையல் மிஷினுக்கு மிஷின் வாயாலேயே போன சேதி அது.

டிசைன் படிக்கிற என் நாத்தனார் மகன், “அத்தை, இலவசமா செஞ்சா வேலைக்கு மதிப்பு இல்ல” என்று பாடம் எடுப்பான். அவனேதான் ஒரு நாள் மில்டன் கிளேசர் என்கிற டிசைனரின் கதையையும் சொன்னான். நியூயார்க்கை நேசிக்கிறேன் என்று சிவப்பு இதயம் போட்ட அந்தச் சின்னத்தை எழுபதுகளில் அவர் காசு வாங்காமல் தன் ஊருக்காகச் செய்து கொடுத்தாராம். பனியன்களில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். “அவருக்கு ப்ரூஃபுல கையெழுத்துப் போட எத்தனை மாமா இருந்தாங்க?” என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனான். அவன் வயதுப் பிள்ளைகள் போனிலேயே பத்திரிகை செய்துவிடுகிறார்கள். சில செயலிகள் கொடுக்கும் படத்தில் தமிழ் எழுத்து மாதிரியே இருக்கும், கிட்டே போய்ப் படித்தால் ஒரு எழுத்தும் எழுத்தாக இருக்காது. “அக்கா, இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க” என்று வருகிறார்கள். அதற்குப் பில் போடுகிறேன்.

பத்திரிகையின் பின்பக்கம் வழி வரைபடம் போடுவது மட்டும் எனக்கு இன்னும் பிடித்த வேலை. 2010-ல் ஓசூர் ரோட்டின் மேல் பாலம் திறந்த பிறகு, கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து காரில் வரும் சொந்தக்காரர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் மேலே ஏறி, ஹொங்கசந்திரா பக்கத்து மண்டபத்தை எல்லாம் காலுக்குக் கீழே விட்டுவிட்டு, சில்க் போர்டு நெரிசலில் போய் மாட்டிக்கொண்டார்கள். முகூர்த்தம் முடிந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்காகவே ‘பாலத்தில் ஏற வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா ஸ்டேஷன்களை வரைபடத்தில் ஏற்றினேன். போன மாதம் ஒரு மணப்பெண்ணின் அப்பா, “கியூஆர் போட்டாச்சு, மெட்ரோவும் போட்டாச்சு, அந்தப் பாலம் வரி எதுக்கு, பார்க்க அசிங்கமா இருக்கு” என்றார். பெண்ணின் பெரியப்பாவோ ஊத்தங்கரையிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வருகிறவர். “அது இருக்கட்டும்” என்றார். ப்ரூஃபில் கையெழுத்து பெரியப்பாவுடையது. வரி இருந்தது.